காணாமல் போன ஒன்று

பதினொரு கணினிகளில் ஏழு ‘சரி’ என்றன. நான்கு ‘தவறு’ என்றன. ஓடியது ஒரே நிரல். கொடுத்தது ஒரே சோதனை.

இருதயராஜ் காலை ஒன்பதரை மணியிலிருந்து அந்த அறைக்குள் நடந்துகொண்டிருந்தார். மாலை ஐந்து மணிக்குள் அவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் நாளைக் காலை அந்த நிரல் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியின் வார்டுகளுக்குள் போய்விடும்.

நிரலின் வேலை இதுதான். நர்ஸ் தன் கையிலிருக்கும் டேப்லெட்டில் குழந்தையின் பெயர், படுக்கை எண், வயது, எடை என்று நான்கையும் பதிவார். வார்டில் இருக்கும் கணினி அதை வாங்கிக்கொண்டு, எத்தனை மில்லி மருந்து ஏற்றலாம் என்று சீட்டு அடித்துக் கொடுக்கும். எடை தப்பினால் அளவு தப்பும். அளவு தப்பினால் என்ன ஆகும் என்று இருதயராஜுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பதினெட்டு வருஷம் ஆஸ்பத்திரிகளில் மானிட்டரும் வென்டிலேட்டரும் பழுது பார்த்தவர் அவர்.

நாற்பத்தேழு வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு, மென்பொருளைச் சோதிக்கும் வேலைக்கு வந்தார். இந்த வேலையை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் நாச்சம்மை. நாச்சம்மைக்கு வயது முப்பத்து மூன்று. ஆரம்பத்தில் கேலியாகத்தான் ‘குருவே’ என்று கூப்பிட்டார் இருதயராஜ். ஆறு மாதத்தில் கேலி கழன்றுவிட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. திருச்சியில் அந்த மாடி ஆபீஸில் எல்லாருக்குமே இப்போது அவர் குருதான். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கம் அவரிடம் கிடையாது என்பதால் பெயர் பொருந்தியும் விட்டது. நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

சோதனை ரொம்பச் சின்னது. சோதனைக் கோப்பில் வரிசையாக இருக்கும் கற்பனைக் குழந்தைகளில் முதல் குழந்தை. படுக்கை எண் பன்னிரண்டு, வயது நான்கு, எடை பதினான்கு கிலோ. இதைக் கணினிக்குக் கொடுத்துவிட்டு, எடை எவ்வளவு என்று திருப்பிக் கேட்பது. ஏழு கணினிகள் 14 என்றன. நான்கு கணினிகள் 4 என்றன.

பதினான்கிலிருந்து ஒன்று காணாமல் போய்விட்டது என்று இருதயராஜ் முடிவுகட்டினார். அந்த ஒன்றைத் தேடுவதிலேயே காலைப் பொழுது முழுவதும் போயிற்று.

கேபிள்களை மாற்றினார். நான்கு கணினிகளையும் தூக்கி எதிர்ச் சுவர்ப் பக்கம் வைத்தார். சூடாகிவிட்டதோ என்று ஏசியைப் பதினெட்டில் வைத்தார். அவர் நடுங்கியதுதான் மிச்சம். ஒவ்வொன்றாக அணைத்து, நூறு எண்ணி, மறுபடி போட்டார். ஏழு ஏழாகவே இருந்தது. நான்கு நான்காகவே இருந்தது.

பழசு புதுசு என்றும் பிரிக்க முடியவில்லை. எட்டாம் நம்பர் போன வாரம் வாங்கியது. அது வந்த அட்டைப்பெட்டி இன்னும் மூலையில் கிடந்தது. அது தவறு என்றது. ஒன்றாம் நம்பர் பத்து வருஷக் கிழம். பொத்தானை அழுத்தினால் முனகிக்கொண்டே எழுந்திருக்கும். அது சரி என்றது.

கடைசியில் ஏழு கணினிகளின் நெற்றியில் பச்சை ஸ்டிக்கரும் நான்கின் நெற்றியில் சிவப்பு ஸ்டிக்கரும் ஒட்டினார். ஒட்டியதும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. எதற்கு நிம்மதி என்று அவருக்கே விளங்கவில்லை.

பன்னிரண்டரை மணிக்கு மேலாளர் தணிகாசலம் கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

“என்ன சார், இன்னும் ஓடலையா?”

“ஓடுது சார். நாலுல மட்டும் தப்பா ஓடுது.”

“மறுபடி ஓட்டிப் பாருங்களேன்.”

“பதிமூணு வாட்டி ஓட்டிட்டேன்.”

தணிகாசலம் இப்போது முழுசாக உள்ளே வந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் காலையிலிருந்து மூன்று தடவை போன் செய்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

“அந்த நாலையும் பட்டியல்லேருந்து எடுத்துடுங்க. இந்த மாதிரி கம்ப்யூட்டர்ல போட வேணாம், வேற வாங்கிக்குங்கன்னு ஆஸ்பத்திரில சொல்லிடலாம். ஏழு சரியா இருக்கு இல்ல? பெரும்பான்மை நம்ம பக்கம்.”

சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டிய தாளை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். தாள் ஏசிக் காற்றில் படபடத்தது. இருதயராஜ் அதன்மேல் ஒரு மவுஸை எடுத்து வைத்தார்.

பிறகு குருவிடம் போனார். குரு டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“குருவே, நாலைத் தள்ளிட்டு ஏழை வச்சுக் கையெழுத்துப் போடலாமா?”

“ஆஸ்பத்திரில மானிட்டர் அலாரம் அடிச்சா நர்ஸ் என்ன செய்வாங்க, சார்?”

“ஓடிப் போய்ப் பார்ப்பாங்க.”

“அடிச்சுக்கிட்டே இருந்தா?”

“ஸ்பீக்கர் ஓட்டைல பஞ்சை வச்சு அடைப்பாங்க. பாவம், அவங்களும் என்ன செய்வாங்க. ராத்திரி முழுக்கக் கத்தும்.”

“நீங்க பார்த்திருக்கீங்களா?”

“பார்த்திருக்கீங்களாவா? எத்தனை மானிட்டர்லேருந்து பஞ்சை உருவியிருக்கேன் தெரியுமா? அலாரம் பழுதுன்னு கூப்பிடுவாங்க. போய்ப் பார்த்தா அலாரம் நல்லாத்தான் இருக்கும்.”

குரு டிபன் பாக்ஸை அவர் பக்கம் நகர்த்தினார். “எலுமிச்சஞ்சாதம். ரெண்டு வாய் எடுத்துக்குங்க. பசியோட பார்த்தா ஒண்ணும் தெரியாது.”

இருதயராஜ் எடுத்துக்கொண்டார். தள்ளிவிடலாமா கூடாதா என்று குரு சொல்லவே இல்லை என்பது, அறைக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. பட்டியலில் பதினொரு பெயர்களும் அப்படியே இருந்தன. அவர் கை வைக்கவில்லை.

இரண்டு மணிக்கு மறுபடி போனார். இந்தத் தடவை குரலில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது.

“எந்த மெஷின் கெட்டதுன்னு மட்டுமாவது சொல்லுங்க குருவே. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.”

குரு எழுந்து அறைக்கு வந்தார். எதையும் ஓட்டிப் பார்க்கவில்லை. சுவரோரமாக நடந்து ஒவ்வொரு கணினியின் நெற்றியிலிருந்தும் ஸ்டிக்கரை நகத்தால் உரித்து எடுத்தார். பச்சையையும் எடுத்தார், சிவப்பையும் எடுத்தார். பதினொன்றையும் உருட்டிக் குப்பைக்கூடையில் போட்டார்.

இருதயராஜுக்குக் கோபம் வந்தது. அரைமணி நேரம் கோணலில்லாமல் பார்த்துப் பார்த்து ஒட்டியவை அவை.

“காலைலேருந்து நான் கண்டுபிடிச்சது அது ஒண்ணுதான். அதையும் கிழிச்சுட்டீங்க.”

“என்ன கண்டுபிடிச்சீங்க?”

“இந்த நாலுலயும் ஒண்ணு காணாமப் போகுது.”

“காணாமப் போனதை நீங்க பார்த்தீங்களா?”

“பதினாலு போட்டேன். நாலு வந்துச்சு. நடுவுல ஒண்ணு போச்சு. இதுக்குச் சாட்சி வேற வேணுமா?”

“இருபத்தேழு போட்டா என்ன வரும்?”

“ஏழு வரும்.”

“போட்டீங்களா?”

இருதயராஜ் போடவில்லை. குரு கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

இருதயராஜ் உட்கார்ந்து, சோதனையில் பதினான்கை அழித்துவிட்டு இருபத்தேழு என்று போட்டார். ஓட்டினார். ஏழு கணினிகள் 27 என்றன. மற்ற நான்கும் 4 என்றன.

ஐம்பது போட்டார். நான்கும் 4 என்றன. தொண்ணூற்றொன்பது போட்டார். அப்போதும் 4.

இருதயராஜுக்குப் பயமாக இருந்தது. காலையிலிருந்து தேடிய அந்த ஒன்று காணாமல் போகவே இல்லை. இந்த நான்கு, பதினான்கில் மிஞ்சிய நான்கு அல்ல. வேறு எங்கிருந்தோ வருகிற நான்கு.

திரையில் பார்த்து அவருக்குப் பிடிபடவில்லை. அவர் இரும்பையும் தாளையும் தொட்டு வேலை பார்த்துப் பழகிய ஆள். ஒவ்வொரு கணினியும் அந்தச் சோதனைக் கோப்பை எப்படிப் படிக்கிறதோ அப்படியே தாளில் அச்சடிக்கச் சொன்னார். பதினொரு தாள்கள் வந்தன. தரையில் வரிசையாகப் பரப்பிவிட்டு முட்டி போட்டு உட்கார்ந்தார். மணி மூன்றேகால்.

அந்தக் கோப்பில் வரிப் பிரிவு கிடையாது, கமா கிடையாது. எல்லாம் இடக் கணக்குதான். முதல் நாற்பது இடம் தலைப்புக்கு. அடுத்த இருபது பெயருக்கு. அதற்கப்புறம் படுக்கை எண்ணுக்கு நான்கு, வயதுக்கு நான்கு, எடைக்கு நான்கு. எண்கள் அந்தந்த இடத்தின் வலது ஓரத்தை ஒட்டி நிற்கும். நிரல் முதலிலிருந்து எண்ணிக்கொண்டே வந்து, எடைக்கான இடத்தில் இருப்பதை எடை என்று எடுத்துக்கொள்ளும். அங்கே இருப்பது எடைதானா என்று அது கேட்பதில்லை.

இருதயராஜ் ஸ்கேலை வைத்து எண்ணினார். ஏழு தாள்களில் எண்கள் ஒரே நேராக இருந்தன. நான்கு தாள்களில் எல்லாமே இரண்டு இடம் வலப்பக்கம் தள்ளி நின்றன. எடை இருக்க வேண்டிய இடத்துக்குள், பக்கத்திலிருந்த வயது நகர்ந்து வந்திருந்தது. குழந்தையின் வயது நான்கு.

“அட, வயசு!” என்று வாய்விட்டே சொன்னார்.

தள்ளியது எது? அவர் விரலை வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போனார். எடையிலிருந்து வயதுக்கு, வயதிலிருந்து படுக்கை எண்ணுக்கு, பெயருக்கு, தலைப்புக்கு. விரல் தாளின் விளிம்புக்கு வந்து நின்றது. அந்த நான்கு தாள்களிலும் தலைப்பின் தொடக்கத்திலேயே, எந்த மொழியிலும் சேராத மூன்று கிறுக்கல்கள் இருந்தன.

பக்கத்தில் இருந்த நல்ல தாளைப் பார்த்தார். அங்கே, அதே இடத்தில் ஒரே ஓர் எழுத்து இருந்தது.

உ.

பிள்ளையார் சுழி. ஏழு கணினிகள் அதை ஓர் எழுத்து என்று எண்ணின. நான்கு கணினிகள், புதிய எட்டாம் நம்பர் உட்பட, எழுத்துகளை ஏதோ பழைய முறையில் எண்ணும்படி அமைக்கப்பட்டிருந்தன. தமிழ் எழுத்து அவற்றுக்குத் தெரியாது. ஒன்றை உடைத்து மூன்றாக எண்ணின. கூடுதலாக வந்த இரண்டும் எல்லாவற்றையும் இரண்டு இடம் தள்ளிவிட்டன.

கோப்பை எழுதியவர் யார் என்று தேட வேண்டியதில்லை. தலைப்பிலேயே நாச்சம்மை என்று ஆங்கிலத்தில் இருந்தது.

இருதயராஜ் கொஞ்ச நேரம் முட்டி போட்டபடியே இருந்தார். வண்டியைக் கிளப்புமுன் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போடுகிறவர் அவர். போடுகிறோம் என்று நினைக்குமுன்பே கை போட்டுவிட்டிருக்கும். ஆகவே அந்த எழுத்து அங்கே எப்படி வந்தது என்று அவருக்கு ஒரு நொடியில் புரிந்தது. புரிந்ததனாலேயே அழிக்கும் பொத்தானுக்குக் கை போகவில்லை.

இரண்டு தாள்களை எடுத்துக்கொண்டு குருவிடம் போனார்.

“குருவே, ஒரு எழுத்தை எடுக்கணும்.”

“எடுங்க.”

“நீங்க போட்ட எழுத்து.”

“நான் போட்டா எடுக்கக் கூடாதா?”

இருதயராஜ் தாள்களை அவர் முன்னால் வைத்து, முதல் எழுத்தின் பக்கத்தில் விரலை வைத்தார். குரு பார்த்தார். அவர் முகம் சிவந்துவிட்டது. அந்த ஆபீஸில் அவர் வெட்கப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

“இதை நான் போட்டதே எனக்குத் தெரியாது, சார்.”

“அது எனக்குத் தெரியும் குருவே. தெரிஞ்சா போடுவோம்?”

“பரீட்சைப் பேப்பர்ல ஆரம்பிச்ச பழக்கம். புதுசா எதைத் திறந்தாலும் கை தானா போட்டுடும்.”

“எடுக்கட்டுமா? நான் எடுத்து, அப்புறம் யாராவது ஏதாவது நினைச்சுக்கிட்டா…” என்று இழுத்தார் இருதயராஜ்.

குரு சிரித்துவிட்டார். “எடுங்க சார். பிள்ளையார் உங்கமேல கேஸ் போட மாட்டார்.”

இருதயராஜும் சிரித்தார். அன்றைக்கு அந்த ஆபீஸில் கேட்ட முதல் சிரிப்பு. அவர் அறைக்கு ஓட்டமாகப் போனார். தாள்களை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார். குரு சிரித்த முகம் மாறி, அந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உ போயிற்று. அந்த இடத்தில் ஒரு வெற்றிடம் போட்டார் இருதயராஜ். எடையைப் பழையபடி பதினான்கு ஆக்கினார். ஓட்டினார்.

ஒன்றாம் நம்பர், சரி. இரண்டு, சரி. மூன்று காலையிலிருந்து தவறு சொன்னது, இப்போது சரி. ஐந்து, சரி. எட்டு, சரி. பதினொரு கணினிகளும் சரி. அந்த முதல் குழந்தைக்கு மட்டுமல்ல, கோப்பில் வரிசையாக இருந்த நூற்றெண்பது குழந்தைகளுக்கும் சரி.

மணி நாலு இருபது. இருதயராஜுக்கு அழுகை வரும்போல் இருந்தது, அவ்வளவு சந்தோஷம். தணிகாசலம் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். முதுகில் தட்டினார். மவுஸுக்கு அடியிலிருந்து தாளை உருவி, தன் சட்டைப் பையிலிருந்த பேனாவையே மூடி கழற்றிக் கொடுத்தார்.

“போடுங்க சார். ஆஸ்பத்திரிக்காரங்க லைன்லயே உக்காந்திருக்காங்க.”

இருதயராஜ் பேனாவை வாங்கிக்கொண்டார். குரு வாசலில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கையில் நர்ஸ்களுக்குக் கொடுப்பதற்காக வாங்கி வைத்திருந்த டேப்லெட் இருந்தது.

“குருவே, போட்டுடட்டுமா?”

குரு டேப்லெட்டை நீட்டினார். “ஒரு குழந்தையைச் சேருங்க.”

“நூத்தி எண்பது இருக்கே.”

“இன்னொண்ணு.”

தணிகாசலம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இருதயராஜ் பேனாவை வைத்துவிட்டு டேப்லெட்டை வாங்கினார்.

“என்ன பேரு போட?”

“உங்க இஷ்டம். ஆனா நர்ஸ் எப்படிப் போடுவாங்களோ அப்படிப் போடுங்க.”

இருதயராஜின் விரல் எழுத்துகளுக்கு மேலே அப்படியே நின்றது. வார்டில் எத்தனையோ வருஷம் நர்ஸ்களுக்குப் பக்கத்தில் நின்றவர் அவர். கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டைகளில் என்ன எழுத்து இருக்கும் என்று அவருக்குத் தெரியும். விசைகளைத் தமிழுக்கு மாற்றினார். இந்த அறைக்கு வந்த ஆறு மாதத்தில் அதை மாற்றுவது அதுவே முதல் தடவை.

கயல் என்று அடித்தார். படுக்கை எண் முப்பத்தொன்று. வயது நான்கு. எடை பதினான்கு.

“எந்த மெஷினுக்கு அனுப்ப?”

குரு எட்டாம் நம்பரைக் கை காட்டினார். அந்தப் புதுக் கணினி.

அனுப்பினார். பக்கத்தில் இருந்த சின்ன அச்சு இயந்திரம் கர்ரென்று சத்தம் போட்டு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சீட்டைத் தள்ளியது. வார்டில் மருந்தோடு சேர்த்துக் கொடுப்பார்களே, அந்தச் சீட்டு. மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கிறுக்கல்கள். அதற்குக் கீழே, எடை 31 கிலோ. அதற்குக் கீழே, முப்பத்தொரு கிலோவுக்கு உரிய மருந்து.

தணிகாசலம்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“முப்பத்தொண்ணு எங்கேர்ந்து வந்துச்சு?”

“படுக்கை நம்பர் சார்,” என்றார் இருதயராஜ். “சுழிக்கு ரெண்டு இடம் தள்ளிச்சு. இந்தப் பேர்ல மூணு எழுத்து, ஒரு புள்ளி. அது நாலு. நாலுக்கும் சேர்த்து எட்டு இடம் தள்ளிடுச்சு. எடை இருக்கற இடத்துல படுக்கை நம்பர் வந்து உக்காந்திருக்கு.”

“ஆனா சோதனைதான் பாஸ் ஆயிடுச்சே! பதினொண்ணும் பாஸ்!”

“ஆச்சு சார். நான்தான் பாஸ் ஆக்கினேன்.”

தணிகாசலம் சீட்டைக் கையில் எடுத்தார். வீட்டில் அவருக்கும் நான்கு வயதில் ஒரு பெண் இருந்தாள். மறுபடி படித்தார். அப்போது அவர் பையில் போன் அடித்தது. ஆஸ்பத்திரிதான். அது அடித்துக்கொண்டே இருக்க, அவர் இருதயராஜின் முகத்தைப் பார்த்தார்.

“என்ன சொல்லட்டும்?”

இருதயராஜ் பேனாவை எடுத்தார். மூடியைப் போட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

“நாளைக்கு வரலன்னு சொல்லுங்க. நான் கையெழுத்துப் போடலன்னே சொல்லுங்க, பரவால்ல.”

தணிகாசலம் சண்டை போடவில்லை. சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, போனைக் காதில் வைத்தபடி வெளியே போனார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் அவர் யாரிடமோ மன்னிப்புக் கேட்பது தெரிந்தது.

அறையில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். இருதயராஜ் சோதனைக் கோப்பைத் திறந்து, குழந்தைகளின் பட்டியலை மேலிருந்து கீழே மெதுவாக ஓட்டினார். டெஸ்ட் சைல்ட் ஒன்று. டெஸ்ட் சைல்ட் இரண்டு. பேபி ஏ. பேபி பி. எல்லாம் ஆங்கில எழுத்து. இதே பட்டியலைத்தான் ஆறு மாதமாகத் தினம் பார்த்திருக்கிறார்.

“நூத்தி எண்பது பிள்ளைங்க, குருவே. அத்தனையும் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரில படுக்கப்போற பிள்ளைங்க. ஒரு பேரு கூடத் தமிழ் எழுத்துல இல்ல. நான்தான் புதுசு, எனக்குத் தோணல. உங்களுக்குமா தோணல?”

குரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

“பிள்ளையாருக்கு மட்டும் தமிழ்ல எழுதினேன், சார்,” என்றார். “பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ்ல எழுதிட்டேன்.”